செருப்பைக் கையில் பிடித்து நடந்தவள்

அவளுடைய செருப்பு தேயாது. நாங்களெல்லாம் ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டிருப்போம். அவள் ஒரே ஜோடியை வருடக்கணக்கில் வைத்திருப்பாள். திருப்பிப் பார்த்தால் அடியில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயர்கூட அழிந்திருக்காது. செருப்பு அவள் காலில் இருந்த நேரத்தைவிடக் கையில் இருந்த நேரம் அதிகம்.

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புகுந்த ஊர் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் ஊர் ஹைவே ஓரத்திலேயே இருக்கிறது என்று சொன்னார்கள், பெண்ணைப் பெற்ற நைனாவும் நம்பிவிட்டார். ஹைவேக்கும் ஊருக்கும் நடுவில் பெரிய புல்வெளி ஒன்று கிடக்கிறது, அதை நடந்துதான் கடக்க வேண்டும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வெளியில் நடந்தபோது நைனாவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

சர்க்கார் கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு. ஊரில் வெறுமனே வெளி என்பார்கள். ஹைவேயில் நின்று பார்த்தால் தெற்கு ஓரத்தில் செங்கல் சூளையின் புகைபோக்கி தெரியும். வடக்கு ஓரத்தில் கன்னியம்மன் கோயிலும் அதன் வேப்பமரமும். நட்ட நடுவே பெரிய கரண்ட் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு இரும்பு டவர்கள் வரிசையாகப் போகும். மேற்கில் எங்கள் ஊர், அதற்கு வடக்கே பாதிப்பேர் தெலுங்கு பேசுகிற இன்னொரு ஊர், தெற்கே சூளைக்காரர்களின் சின்ன ஊர். மூன்று ஊர் மாடுகளும் அங்கேதான் மேயும். ஐப்பசியில் ஏரி நிறைந்தால் வழிகிற தண்ணீர் முழுக்க அந்த வெளியில்தான் பரவும். புல் அத்தனை செழிப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். நாங்கள் அத்தனை அவதிப்பட்டதற்கும் அதுதான் காரணம்.

கல்யாணமான அடுத்த மாதமே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் முதல் ஷிஃப்டுக்குப் போவோம். விடிகிற நேரத்தில் வெளியைக் கடந்து ஹைவேக்குப் போய் நின்றால் கம்பெனி பஸ் வரும். அவளும் எங்களோடு வருவாள். அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, பேச்சு குறைவு. ஊர்க் கடைசி வீட்டைத் தாண்டியதும் குனிந்து செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொள்வாள். ஹைவே ஓரத்தில் ஒரு மதகு உண்டு. அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பாதத்தைத் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வாள். திரும்பி வரும்போதும் இப்படியே, மதகில் கழற்றி ஊரில் போடுவாள்.

முதல் நாள் பார்த்தபோது செருப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள், கடிக்கிறதோ என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாக்கா, செருப்புக்குக் கால் வலிக்குமா?" என்றேன்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவள் மட்டும் லேசாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேன். அது அப்படித்தான், கேட்டுக்கொண்டிருக்காதே என்று அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் பேச்சை முடிக்கிற ஆள் இல்லை அவர். அதனாலேயே எனக்கு இன்னும் குடைச்சலாக இருந்தது.

கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குக் கறுப்பு ஷூ கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றாக முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வெளியைக் கடந்தாள். மதகில் உட்கார்ந்து அதை மாட்டிக் கயிறு கட்டி முடிப்பதற்குள் பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கியே பேட்டரியைக் காலி பண்ணிவிடுவார். தினமும் இதே பேஜாரா என்று அவர் கத்துவார். இதோ வந்துட்டேன் நைனா என்று இவள் ஓடிவந்து ஏறுவாள். முள் ஏறாத நாள் இல்லை. தாலிக்கயிற்றில் எப்போதும் ஒரு ஊக்கு மாட்டியிருக்கும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் காலைத் தூக்கி வைத்து ஊக்கால் முள்ளைத் தோண்டி எடுத்துக்கொண்டே வருவாள். எடுத்த முள்ளை வெளியே வீசும்போது முகத்தில் எரிச்சலே இருக்காது. எனக்குத்தான் பார்க்கப் பார்க்கக் கூசும்.

செருப்பு மட்டுமல்ல. அந்த வெளியில் யாரும் எதையும் அடித்து இறக்கக் கூடாது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். ஸ்டம்ப்பைக் கல்லால் அடித்து நடுகிறார்கள் என்று ஒருநாள் பழைய எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். குச்சி வேண்டாம், டின்னை வைத்து ஆடுங்கள் என்று கெஞ்சினாள். அதட்டியிருந்தால் பையன்கள் கேட்டிருக்க மாட்டார்கள். கெஞ்சியதால் கேட்டார்கள். மாடு கட்டவும் முளை அடிக்க விடமாட்டாள். பெரிய கல்லைப் போட்டுக் கயிற்றை அதில் கட்டு என்பாள். அவள் யாரோடும் சண்டைக்குப் போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஆடி மாதம் கன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கோயிலைத் தாண்டி வெளிக்குள்ளேயும் பந்தல் போட வந்தார்கள். கடப்பாரையைத் தூக்கியவன் முன்னால் போய் நின்றுவிட்டாள். பந்தல்காரன் கத்த, இவள் கத்த, கடைசியில் காலி டிரம்களில் மணல் நிரப்பி அதில் கம்பை நட்டுப் பந்தல் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. மற்ற விஷயத்தில் பொம்பளை கொஞ்சம் குரலை உயர்த்தினாலே மேலே விழுகிற ஆட்கள்தான் அவர்கள். நான் அதையும் கவனித்தேன்.

எனக்குப் பிரசவ வலி எடுத்தது ஐப்பசியில். வெளி முழுக்கத் தண்ணீர். ஆம்புலன்ஸ் ஹைவேயில் வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து நாலு ஆண்கள் தூக்கினார்கள். தண்ணீருக்கு அடியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியாது. அவள்தான் முன்னால் நடந்தாள். வெறுங்காலால் தடவித் தடவி, இந்தப் பக்கம் வா, அங்கே சேறு, இடது கையாக வா என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த வலியிலும் என் கண்ணுக்குப் பட்டது அவள் கையிலிருந்த செருப்புதான். தண்ணீரில்கூட அதைப் போட்டுக்கொள்ள மாட்டாளா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைப் போகச் சொல், முதலில் அந்தச் செருப்பைத் தூக்கி எறியச் சொல் என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை, பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

மகள் பிறந்தாள். அவள் தினமும் வேலை முடிந்து குழந்தையைப் பார்க்க வருவாள். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். வேர்வை, தூசு, கம்பெனி அழுக்கு என்று தினம் ஒரு காரணம். இத்தனை தூரம் தண்ணீரில் முன்னால் நடந்தவளுக்குக் குழந்தையைத் தொட என்ன வந்தது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒருநாள் குழந்தை வாயைத் திறந்து சிரித்தபோது கீழே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அவள் விரலைக் கழுவிக்கொண்டு வந்து அந்த ஈறைத் தடவினாள். பிறகு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். பால் கொடுக்க நான் கேட்டபோதுகூட அவ்வளவு சுலபத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுவாரம் நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மதகுச் சுவரில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மொதல்ல ஒரு ஆம்பளப் புள்ள. பல்லு மொளைக்கல. நீ நாற்காலில போன அன்னிக்கி மாரியே மழ, வெளி பூரா தண்ணி, புள்ளைக்கு ஜொரம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்துக்கினு இருந்தேன். பாதி தூரத்துல ஒடம்பு வெயிட்டாப் போச்சி. திரும்பி ஊட்டுக்குத் தூக்கிக்கினு போனேன்."

அவள் புருஷன் லாரி டிரைவர். அன்றைக்கு நெல்லூர்ப் பக்கம் லோடு போயிருந்தான். வந்து குழந்தையை வாங்கியவர் புருஷனுடைய அண்ணன்.

அந்த ஊரில் வழக்கம் என்னவென்றால், பல் முளைக்காத குழந்தையை எரிப்பதில்லை. சுடுகாட்டுக்கும் கொண்டுபோவதில்லை. ஆண்களில் ஒருவர் மட்டும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்குப் போவார். கூட யாரும் போகக் கூடாது. புதைத்துவிட்டு, மேடு தெரியாமல் தட்டிவிட்டு, நாய் தோண்டாமல் முள்ளை வைத்துவிட்டு வந்துவிடுவார். கல் கிடையாது, அடையாளம் கிடையாது. இடம் எங்கே என்று அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், முக்கியமாகத் தாயிடம். தெரிந்தால் அவள் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்த குழந்தை தங்காது என்பார்கள். அவளுக்கு அதற்குப் பிறகு ஒரு பெண் பிறந்து வளர்ந்து பொன்னேரியில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. ஆனாலும் அவள் அங்கேயேதான் கிடந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

"எங்கன்னு தெரியாதில்ல," என்றாள். "எங்க கால வச்சாலும் அவன் மேலயே வச்சிட்டா? செருப்புக் காலோட எப்டி வைப்பேன், சொல்லு."

கேலி பண்ணினதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பஸ் வந்து நின்றது. அவள் வழக்கம்போல ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

மறுநாள் நானும் செருப்பைக் கழற்றிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு நடந்தாள். மூன்றாம் நாள் குதிகாலில் முள் ஏறி நொண்டினேன். திரும்பப் போட்டுக்கொண்டேன். அதையும் பார்த்துவிட்டு நடந்தாள். அவளுக்கு யாரும் கூட நடக்க வேண்டியதில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், அது அந்த அண்ணன்காரர் வாயில் இருந்தது.

பிறகு ரோடு வந்தது. வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஹைவேயிலிருந்து எங்கள் ஊர்வரை தார் ரோடு வேண்டும் என்று மூன்று ஊரும் சேர்ந்து மனு கொடுத்தோம். நான் நாற்காலியில் போனதைச் சொல்லிச் சொல்லியே ஆள் சேர்த்தேன். மேய்ச்சல் போய்விடும் என்று இரண்டு பேர் முனகினார்கள். புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த பிரசவத்துக்கு நீங்கள் வந்து நாற்காலி தூக்குகிறீர்களா என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தேன். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"அன்னிக்கு ரோடு இருந்திருந்தா அவன் இன்னிக்கு இருப்பான்," என்றாள்.

ரோடு சாங்ஷன் ஆயிற்று. ஆட்கள் வந்து சுண்ணாம்பு போட்டுக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை ஜேசிபி வரும், மண்ணை வெட்டி, ஜல்லி கொட்டி, இடுப்பு உயரத்துக்கு ரோட்டை எழுப்புவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் ஓரமாகவே நடந்து வந்தாள். கோட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. கோயில் வேப்பமரத்துக்கு நேராக வந்ததும் நின்றாள்.

"கண்ணு, எனக்காக எங்க ஊட்டுக்காரரு அண்ணன்கிட்ட கேளு. கோட்டுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா, இல்ல உள்ளயா. உள்ளன்னா ஒரு புடி மண்ணு எடுத்துக்கிறேன். வேற ஒண்ணும் வேணாம்."

எங்கள் கன்னியம்மனே அப்படி வந்தவள்தான். எந்தக் காலத்திலோ இந்த ஊர் ஆட்கள் வேறு ஊரிலிருந்து கிளம்பியபோது அங்கிருந்த கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து இங்கே வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்களாம். பிடிமண் எடுத்தால் சாமியே கூட வந்துவிடும் என்றால் ஒரு குழந்தை வராதா என்பது அவள் கணக்கு. வேப்பமரத்தடியில், ரோடு போகாத இடத்தில் வைத்துவிடுவாள். அதற்கு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவளே போய்க் கேட்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்து வீடுகள் தெரியாது. புருஷனுடைய அண்ணன் முன்னால் அவள் நிற்க மாட்டாள், பேச மாட்டாள். அவர் வாசலுக்கு வரும்போது இருமுவார், இவள் உள்ளே போய்விடுவாள். ஊரில் நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிறவரை அவள் மட்டும் கூப்பிட்டதே இல்லை. புருஷன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தானாம். சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதும் அவனும் விட்டுவிட்டான்.

அண்ணன்காரரான அந்தப் பெரியவர் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு ஹைவே டீக்கடைகளுக்கு ஊற்றுகிறவர். வாயை இறுக்கி வைத்திருக்கிற மனிதர் என்று மூன்று ஊரிலும் பெயர். பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை எதுவானாலும் அவரிடம்தான் போவார்கள். அவரிடம் சொன்னது வெளியே போகாது. நான் போனபோது கேன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல், "சொல்ற வழக்கம் இல்லம்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "வழக்கம்லாம் ஜேசிபிக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கேனைக் கவிழ்த்து வைத்தார். அதிலிருந்து தண்ணீர் வடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக் காலையில் அவளை வெளிக்கு வரச் சொல்லு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனோம். அவள் தலைக்குக் குளித்து, மஞ்சள் நனைத்த புதுத்துணி ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்தாள். டவர் பக்கத்தில் ஒதுங்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்றாள். அவர் கோயில் வேப்பமரத்திலிருந்து ஆரம்பித்தார். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று சூளைப் புகைபோக்கியைப் பார்த்தார். அந்தத் திசையில் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். காலால் புல்லை விலக்கிப் பார்த்தார். திரும்பி மரத்துக்கே வந்து வேறு பக்கமாக நடந்தார். டவர் வரைக்கும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்போது இந்த டவர் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓர் ஈச்சம்புதரைத் தேடினார். அது எந்த வெள்ளத்தில் போனதோ. கிரிக்கெட் ஆட வந்த பையன்கள் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் கோட்டுக்கு உள்ளே நடந்தார், வெளியே நடந்தார், மறுபடியும் உள்ளே வந்தார். அவள் கண் அவருடைய காலை விட்டு அகலவில்லை.

நடுவெளியில் ஓர் இடத்தில் நின்றவர் அதற்குமேல் நகரவில்லை. அவள் கையிலிருந்த துணியின் மடிப்பை ஒன்று பிரித்தாள். இதுதான் இடம் என்று நானும் நினைத்தேன். அவர் மெதுவாகக் குனிந்தார். மண்ணை எடுக்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றினார், பிறகு இன்னொன்றை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தெரியலம்மா. அடுத்த மழைக்கே எனக்குத் தெரியாமப் பூடுச்சி. கேட்டப்பல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். தெரியலன்னு சொல்ல வாய் வர்ல."

எனக்கு அவர்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. இருபது வருஷத்துக்குமேல் ஊர் முழுக்க அவர் வாயைப் பெருமையாகப் பேசியது. உள்ளே ஒன்றுமில்லாமலேயே அதை மூடி வைத்திருந்திருக்கிறார். ஏதாவது சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டவரை விட்டு வந்துவிட்டாள். அவருக்கு நேராக, நாலடி தள்ளி நின்றாள்.

"போதும் மாமா," என்றாள். "வெயிலு ஏறுது. ஊட்டுக்கு வாங்க."

அவள் குரலை அவ்வளவு பக்கத்தில் அவர் கேட்டதே இல்லை. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தார். அவள் மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வழியில் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவம், இத்தனை வருஷமும் அவரும் தனியாகத் தேடியிருப்பார் என்று மட்டும் சொன்னாள். பிடிமண் எடுக்கவில்லை. எங்கே என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. மழைக்கு முன்பே ரோடு முடிந்துவிட்டது. அந்த ஐப்பசியில் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு போனபோது நான் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்தேன். அந்த ரோட்டைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கம்பெனி பஸ்ஸும் ஊருக்குள் வர ஆரம்பித்தது. எல்லோரும் வீட்டு வாசலில் ஏறி வாசலில் இறங்கினோம். அவள் மட்டும் ஹைவேயில் ரோடு பிரிகிற இடத்திலேயே இறங்கிக்கொள்வாள். மதகில் ஷூவைக் கழற்றுவாள், நடப்பாள்.

சித்திரையில் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வெயில் உச்சியைத் தாண்டியிருக்கும். தார் இளகிக் கிடக்கும். அவள் புல் பக்கம் ஒதுங்காமல் தாரின் மேலேயே வெறுங்காலோடு வருவாள். பஸ் அவளைத் தாண்டும்போது ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டி, இது ரோடுதானேக்கா, ஷூவைப் போட்டுக்கொள் என்று கத்தினேன்.

"ரோட்டுக்கு அடியில இருந்தா?" என்று கேட்டாள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் பாதி வழியில், ரோடு ஓரம், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம் தென்பட்டது. தண்ணீர் நிறைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு லோட்டா. அவள் அங்கே நின்று காலில் ஊற்றிக்கொண்டு மீதி தூரத்தை நடப்பாள். யார் வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் மதியம் பால் எடுக்கப் போகும் முன் கொண்டுவந்து வைத்துவிட்டு, பஸ் வருவதற்குள் போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இருமினால் அவள் உள்ளே போய்விடுவாள், எல்லாம் பழையபடிதான். அவருக்குக் காலில் வீக்கமாம், செருப்பு நுழையவில்லையாம், வெறுங்காலோடு அலைகிறார், சர்க்கரையாக இருக்கும் என்று மாமியார் ஒருநாள் சொன்னார். வயசானால் ஏதாவது வரத்தான் செய்யும் என்று நானும் கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

என் வீட்டுக்காரருக்குத் திருவள்ளூரில் வேலை கிடைத்து நாங்கள் குடிபெயர்ந்துவிட்டோம். ஊருக்குப் போவது பொங்கலுக்கும் கூழுக்கும் என்று குறைந்துவிட்டது. போகும்போதெல்லாம் ஷேர் ஆட்டோவிலிருந்து குடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். போன ஐப்பசியில் பெரியவர் இறந்துவிட்டார் என்று போன் வந்தது.

நான் போய்ச் சேர்ந்து, அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். இறந்தவருடைய வேட்டி, துண்டு, குடை எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். பரணிலிருந்து அவர் மகள் ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் போட்டாள். புதுச் செருப்பு. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.

"போட்டா தானே பழசாவும்," என்றாள் அவர் மனைவி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ரோடு போட்ட வருஷம் வாங்கினு வந்து குடுத்தேன். கால் வீக்கம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சாரு. தெனம் அந்தக் கால நான் தான புடிச்சி வுட்டேன். ஒரு வீக்கமும் இல்ல. தாரு சுட்ட கொப்புளம் தான் இருந்துச்சி."

என்னோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தச் செருப்பை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் பொறித்த எழுத்து அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இதையும் சொல்லாமயே பூட்டாரு பாரு," என்று என்னிடம் சொன்னாள்.

குழந்தையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் கண்ணில் நான் ஒரு சொட்டுப் பார்த்ததில்லை. இப்போது அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.